பேச்சுக் காட்சி ‘லேக்’ அடிக்கிறது: எங்கே வெட்டுவது, எங்கே விடுவது?

குறும்படக்காரி:
வணக்கம். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த குறும்படம். நடுவில் அப்பாவும் மகளும் பேசும் காட்சி, 3 நிமிடம் 40 நொடி. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை பீரோவில் இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அடகு வைத்துவிட்டதை அப்பா கடைசியில்தான் சொல்கிறார்.

கையில் இருப்பவை: இருவரும் தெரியும் மாஸ்டர், இரண்டு பக்க சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம்), இரண்டு பக்க க்ளோசப், பீரோ சாவிக்கும் காபி டம்ளருக்கும் தனித்தனி இன்சர்ட் (பொருளை மட்டும் கிட்டே காட்டும் ஷாட்). இப்போது 74 வெட்டு இருக்கிறது. யார் பேசுகிறாரோ அவர் முகம் திரையில் இருக்கும்படி வைத்திருக்கிறேன். பார்த்த எல்லோரும் “லேக்”, இழுக்கிறது என்கிறார்கள். இன்னும் வேகமாக வெட்டினால் சரியாகுமா?

கத்தரி:
ஆகாது. இன்னும் மோசமாகும்.

கணக்கைப் பாருங்கள். 220 நொடிக்கு 75 ஷாட் என்றால் சராசரி 3 நொடிக்கும் கீழே. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இது மிக அதிகம். 1930 முதல் 1960 வரை வந்த ஹாலிவுட் படங்களில் சராசரி ஷாட் நீளம் பெரும்பாலும் 8 முதல் 11 நொடி. அவற்றில் விறுவிறுப்பான பேச்சுக் காட்சிகள் எத்தனையோ உண்டு. ஆக ஷாட் நீளத்துக்கும் லேக்குக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைத் திரும்பக் காட்டும்போதுதான் லேக் வருகிறது. மகள் “பீரோவுல நகை இல்லப்பா” என்கிறாள். அந்த வாக்கியம் காதில் விழுந்த கணமே பார்ப்பவர் மனம் அப்பாவிடம் போய்விடும்: இந்த ஆளுக்குத் தெரியுமா, தெரியாதா? நீங்களோ மகள் வாயை மூடும்வரை அவளையே காட்டிவிட்டு, அப்பா வாய் திறக்கும்போதுதான் அவரிடம் போகிறீர்கள். அவர் முகம் மாறிய அந்த அரை நொடி கிடங்கில் கிடக்கிறது. பார்ப்பவர் கேட்ட கேள்விக்கான பதில் திரையில் வரவே இல்லை. அவர் காத்திருக்கிறார், அதைத்தான் லேக் என்கிறார்.

முதல் வேலையாக ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலப் பதிவை, எடுத்து, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தை மட்டும் முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள். மகள் பேசும்போது அப்பா, அப்பா பேசும்போது மகள். கண் அசைவது, தொண்டை விழுங்குவது, டம்ளரைப் பிடித்த கை இறுகுவது எல்லாவற்றுக்கும் மார்க்கர் போடுங்கள். 15, 20 கிடைத்தாலே காட்சி அங்கே இருக்கிறது.

ஒலிவாங்கி:
கத்தரி சொன்னதைச் செய்வதற்கு முன் ஒன்று. படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் ஓட்டுங்கள்.

சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி அளவுதான். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வில் கிடைத்த எண் அது. 24 ஃபிரேம் டைம்லைனில் (மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) கிட்டத்தட்ட 5 ஃபிரேம். வாய் பார்த்து வெட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்றால், முதல் ஆள் முடித்ததும் 4 ஃபிரேம் விட்டு வெட்டுவார்கள், அடுத்த ஆள் மூச்சு எடுக்க 9 ஃபிரேம் விடுவார்கள். 5 இருக்க வேண்டிய இடத்தில் 13. ஒரு வெட்டுக்கு 8 ஃபிரேம் காற்று கூடுதல் என்றால் 74 வெட்டில் 592 ஃபிரேம், ஏறக்குறைய 25 நொடி. அந்த 25 நொடியில் எதுவும் நடப்பதில்லை. அதைவிடப் பெரிய சேதம், இருவருமே ஒவ்வொரு பதிலையும் யோசித்து யோசித்துச் சொல்வது போல ஆகிவிடுகிறது. பிறகு அப்பா உண்மையிலேயே தயங்கும் இடத்தில் அந்தத் தயக்கம் தயக்கமாகவே தெரியாது.

செய்யும் முறை:

வசனத்தை மட்டும் இரண்டு ட்ராக்கில் பிரித்து வையுங்கள், மேலே மகள், கீழே அப்பா. படத்தை மறந்துவிட்டு இடைவெளியை 4 முதல் 6 ஃபிரேமுக்கு இறுக்குங்கள். கோபமாக வெட்டிப் பேசும் இடங்களில் ஒருவர் குரல் மற்றவர் குரல் மேல் 3 ஃபிரேம் ஏறினாலும் நல்லது. பிறகு எந்த மூன்று இடத்தில் மௌனம் வேண்டும் என்று முடிவு செய்து அங்கே மட்டும் 30, 40 ஃபிரேம் திறந்துவிடுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் வானொலி நாடகம் போல நிற்க வேண்டும். அது நின்ற பிறகுதான் படத்தைத் தொட வேண்டும்.

இறுக்கும்போது வெட்டுமுனையில் ‘டிக்’ சத்தம் வந்தால் அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முனையிலும் 1 அல்லது 2 ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி மங்க அடுத்தது எழுவது) போட்டால் போய்விடும். இடைவெளியில் சுத்த மௌனம் விடாதீர்கள், அந்த அறையின் ரூம் டோன் (யாரும் பேசாதபோது கேட்கும் அறைச் சத்தம்) அடியில் தொடர்ந்து ஓட வேண்டும். தனியாக 30 நொடி பதிவு செய்யவில்லையென்றால் டேக் தொடங்கும் முன், ஆக்‌ஷன் சொன்ன பிறகு, கிடைக்கும் ஓரிரு நொடிகளைச் சேர்த்து ஒட்டுங்கள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஃபேன் சத்தத்தில் தாளம் கேட்கும்.

ரஷ்_பிரிண்ட்:
இருவர் சொன்னதையும் ஒட்டினால் கிடைப்பதுதான் ஜே கட், எல் கட். புதிதாக வருகிறவர்களுக்காக: அடுத்த ஆள் குரல் முன்னால் வந்து முகம் பின்னால் வந்தால் ஜே. முகம் மாறிய பிறகும் பழைய ஆள் குரல் தொடர்ந்தால் எல். டைம்லைனில் துண்டுகள் அந்த எழுத்து வடிவத்தில் நிற்பதால் அந்தப் பெயர்.

ஜே கட்டில் குரல் 6 முதல் 12 ஃபிரேம் முன்னால் வந்தால் போதும். காதில் குரல் விழுந்ததும் கண் தானாகவே அந்தப் பக்கம் போக விரும்பும். அந்த விருப்பம் எழுந்த நேரத்தில் வெட்டு வந்தால், ‘நானே திரும்பிப் பார்த்தேன்’ என்ற உணர்வுதான் பார்ப்பவருக்கு வரும். 20 ஃபிரேமுக்கு மேல் போனால் பேசுவது யார் என்று ஒரு கணம் குழப்பம். ஆனால் நீங்கள் அந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே வைக்கலாம்.

எல் கட்டுக்கு அளவே கிடையாது. இந்தக் காட்சியில் அப்பா “அடகு வச்சிருக்கேன்மா” என்று சொல்வதை அவர் முகத்தில் வைக்காதீர்கள். அதற்கு முந்தைய வாக்கியத்தின் நடுவிலேயே மகளிடம் வந்துவிடுங்கள். சொல் அவள் முகத்தின் மேல் விழட்டும்.

அசைவிலி:
வெற்று முகம் இருந்தாலே போதும், பக்கத்தில் எதை வைக்கிறோமோ அந்த உணர்ச்சியைப் பார்ப்பவர் ஏற்றிக்கொள்வார் என்பது சோவியத் இயக்குநர் குலெஷோவ் காட்டியதுதானே? ரஷ்யாவில் நடிகர் மொஸ்ஜூகினின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் பெண்ணோடும் ஒட்டினார், பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று மூன்று நடிப்பைக் கண்டார்கள். அப்படியென்றால் ரஷ்ஷில் 15 மார்க்கர் தேட வேண்டிய அவசியம் என்ன?

கத்தரி:
அந்தக் கதையை அப்படியே நம்பி வெட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். மூலப் படச்சுருள் இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது பின்னால் சொல்லப்பட்ட விவரிப்புகள்தான், அவையும் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. 1992-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, பெரும்பாலோர் முகத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். 2006-இல் மூளை ஸ்கேனோடு செய்த இன்னொரு ஆய்வில், முன்னால் காட்டிய சூழலுக்கு ஏற்ப அதே முகத்துக்குக் கொடுத்த மதிப்பீடு மாறியது. விளைவு உண்டு. கதையில் சொல்கிற அளவுக்கு அது மந்திரம் கிடையாது.

எடிட்டருக்குப் பயன்படும் பகுதி இது: கொஞ்சம் தெளிவில்லாத முகத்தைச் சூழல் ஒரு பக்கம் சாய்க்கும். தெளிவாகத் தப்பான முகத்தை எந்தச் சூழலும் திருத்தாது. மகள் ‘கட்’டுக்காகக் காத்திருக்கும் முகத்தோடு இருந்தால் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

24ஃபிரேம்:
வெட்டு விழும் ஃபிரேமை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் சொன்ன முறை எளிது. ஷாட்டை ஓடவிட்டு, வெட்ட வேண்டும் என்று தோன்றும் கணத்தில் சாவியைத் தட்டுங்கள். ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டுத் தட்டுங்கள். இரண்டு முறையும் அதே ஃபிரேமிலோ ஒன்றிரண்டு தள்ளியோ விழுந்தால் அந்த இடம் உறுதி. ஒவ்வொரு முறையும் 8, 10 ஃபிரேம் தள்ளித் தள்ளி விழுந்தால் அந்த ஷாட்டில் என்ன வேண்டும் என்பதே உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. நிறுத்தி நிறுத்தி அலைவடிவத்தைப் பார்த்து வெட்டினால் இது கிடைக்காது, தாளம் ஓட்டத்தில்தான் தெரியும்.

கண் சிமிட்டலையும் பாருங்கள். ஒரு நினைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் மனிதர் சிமிட்டுகிறார் என்பது மர்ச்சின் வாதம். 1974-இல் வந்த ஒரு படத்தை வெட்டும்போது, தான் வெட்ட நினைத்த இடத்துக்கு மிக அருகே நடிகர் ஜீன் ஹேக்மன் சிமிட்டுவதைக் கவனித்ததிலிருந்து வந்தது அது. பார்ப்பவர் பக்கமும் சான்று உண்டு: 2009-இல் ஜப்பானில் செய்த ஆய்வில், கதையுள்ள காணொளியைப் பார்த்தவர்கள் ஒரு செயல் முடியும் இடங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சிமிட்டினார்கள். கதையில்லாத இயற்கைக் காட்சியில் அந்த ஒற்றுமை வரவில்லை.

நடைமுறையில்: நடிகர் சிமிட்டத் தொடங்கிய பிறகு வெட்டாதீர்கள், பாதி மூடிய இமை திரையில் நிற்கும். 2, 3 ஃபிரேம் முன்னால் வெட்டுங்கள். அல்லது சிமிட்டி முடித்துப் புதுப் பார்வை திறக்கும் வரை விடுங்கள். எதை எடுப்பது என்பது, பழைய நினைப்போடு போக வேண்டுமா, புது நினைப்பைக் காட்ட வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

சாணைக்கல்:
எல்லாம் ஃபிரேம் கணக்காகவே போகிறது. வெட்டும்போது எதற்கு முன்னுரிமை என்று அதே மர்ச் கொடுத்த வரிசையில் உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, கண் போகும் இடத்துக்கு 7, மீதி 9 சதவீதத்தில்தான் 180 டிகிரி கோடும் (பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்பார்கள்) இடத்தொடர்ச்சியும் வருகின்றன. நடிப்பு நன்றாக இருக்கும் டேக்கில் லைன் கிராஸ் ஆகியிருந்தாலும் அதையே வைக்க வேண்டும். ஜப்பானிய இயக்குநர் ஓசு தன் படங்களில் இந்தக் கோட்டை வழக்கமாகவே தாண்டினார்.

ரஷ்_பிரிண்ட்:
வரிசையில் மறுப்பு இல்லை. ஆனால் ஓசு தாண்டியபோது எதிரெதிர் க்ளோசப்களில் முகத்தின் அளவும் திரையில் அது நிற்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றாகவே வைத்தார். அதனால் கண் அலையவில்லை. ஒரு பக்க முகம் திரையின் இடது மூன்றில் ஒரு பங்கிலும் அடுத்தது வலது ஓரத்திலும் இருந்து, அதோடு கோடும் தாண்டினால் பார்ப்பவர் முதல் 5 ஃபிரேமைத் தேடுவதிலேயே செலவழிப்பார். கண் புது இடத்துக்குக் கிளம்பவே ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். ஒரு முகபாவம் அதற்குள் முடிந்துவிடலாம்.

2015-இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ இதற்கு மறுபக்க உதாரணம். மார்கரெட் சிக்ஸல் வெட்டியது, 120 நிமிடத்தில் சுமார் 2,700 வெட்டு. அவ்வளவு வேகத்திலும் தலைசுற்றவில்லை. முக்கியமான பொருளைத் திரையின் நடுவில் வைத்தே எடுத்தார்கள், கண் நகர வேண்டிய தேவையே பல இடங்களில் இல்லை.

உங்கள் காட்சிக்கு: இரண்டு பக்க க்ளோசப்பும் வேறு லென்ஸில் எடுத்திருந்தால் முகம் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். 4கே-யில் எடுத்து 2கே டைம்லைனில் வெட்டினால் சிறியதை 105 முதல் 110 சதவீதம் பெரிதாக்கிச் சமன் செய்யலாம், தரம் போகாது. கண்மட்டத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, க்ளோசப்பை எங்கே முதலில் எடுக்கிறீர்கள்? 74 வெட்டு என்றால் 10-வது நொடியிலேயே போயிருப்பீர்கள். அடகு விஷயம் உடையும்போது கிட்டே போக இடமே இருக்காது. முதல் ஒரு நிமிடம் மாஸ்டரும் சஜஷனும் மட்டும். மகள் “மூணு தடவ பாத்தேன்” என்று குரலை உயர்த்தும் இடத்தில் அவளுக்கு முதல் க்ளோசப். அப்பாவின் க்ளோசப்பைக் கடைசிவரை பிடித்து வையுங்கள்.

டம்ளர்:
அப்பா டம்ளரைக் கீழே வைக்கும் இடத்தில் சஜஷனிலிருந்து மாஸ்டருக்கு வெட்டினால் குதிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். வெட்டு கை அசையாத நேரத்தில் இருப்பதுதான் காரணம். கை கீழே இறங்கத் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்ததும் வெட்டுங்கள், மீதி இறக்கம் மாஸ்டரில். 2, 3 ஃபிரேம் அசைவைத் திரும்பக் காட்டினால் இன்னும் வழுக்கும், ஏனென்றால் வெட்டின் முதல் சில ஃபிரேமைக் கண் சரியாகப் பதிவு செய்வதில்லை. 2008-இல் வந்த ஆய்வு ஒன்றில், வெட்டைப் பார்த்ததும் பொத்தானை அழுத்து என்று சொல்லியே படம் காட்டினார்கள். அசைவின் நடுவில் வந்த வெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தவறவிட்டார்கள்.

ஒலிவாங்கி:
டப்பிங் செய்யப் போகிறீர்களா? நம் ஊரில் பெரும்பாலும் அதுதான் வழக்கம் என்பதால் சொல்கிறேன். ப, ம வரும் இடங்களில் உதடு மூடியே ஆக வேண்டும், அங்கே பிசகினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். அந்தச் சொற்களில் கேட்பவர் முகத்தைத் திரையில் வைத்தால் டப்பிங்கில் பாதித் தலைவலி குறையும். “அடகு வச்சிருக்கேன்மா” மகள் முகத்தில் விழுந்தால் டப்பிங் கலைஞர் அந்த ‘மா’வை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

படத்தைவிடச் சத்தம் முந்தினால் உறுத்தும், பிந்தினால் அவ்வளவாக உறுத்தாது. தொலைக்காட்சிக்கான சர்வதேசப் பரிந்துரையில் கண்டுபிடிக்கும் எல்லை முந்தினால் 45 மில்லிநொடி, பிந்தினால் 125. அதாவது 1 ஃபிரேமும் 3 ஃபிரேமும். தியேட்டரில் ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி 14 மீட்டர்தான் போகும், பின்வரிசைக்கு எப்படியும் பிந்தித்தான் சேரும். ஆகவே சந்தேகம் வந்தால் பிந்தும் பக்கம் அரை ஃபிரேம் விடுங்கள்.

மாஸ்டர் ஒரே நீள டேக் என்றால் சிங்க் (வாயசைவும் ஒலியும் ஒத்துப்போவது) கடைசிவரை நிற்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 23.976 ஃபிரேமில் எடுத்ததை மென்பொருள் 24 என்று படித்துவிட்டால் 220 நொடியில் 5 ஃபிரேம் விலகும். தொடக்கத்தில் கச்சிதமாக இருந்து முடிவில் வாய் விலகுவது இதனால்தான். கைபேசியில் எடுத்த துண்டு ஏதும் இருந்தால் அதன் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. நிலையான 24-க்கு மாற்றிய பிறகே டைம்லைனில் ஏற்றுங்கள்.

அசைவிலி:
சீரியலில் ஒரே அதிர்ச்சிக்கு மூன்று முகம் மூன்று முறை வருகிறதே, அதுவும் கேட்பவர் முகம்தானே? அது ஏன் லேக்?

கத்தரி:
நல்ல கேள்வி. அங்கே பார்ப்பவர் அடுப்படியிலிருந்து காதால் கேட்டுக்கொண்டிருக்கலாம். திரும்பச் சொல்வது அவர் வந்து சேர்ந்துகொள்ள வழி. இருட்டரங்கில் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு அதே முகம் இரண்டாம் முறை வந்தால், அதில் முதல் முறை இல்லாத ஒன்று இருக்க வேண்டும். மூன்று மறுமொழி ஷாட் வைத்தால் தப்பில்லை: முதலில் புரியவில்லை, பிறகு புரிகிறது, பிறகு மறைக்கிறாள். மூன்றும் ‘அதிர்ச்சி’ என்றால் இரண்டைத் தூக்குங்கள்.

குறும்படக்காரி:
எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். இப்போது 2 நிமிடம் 52 நொடி, 38 வெட்டு. சராசரி 4.4 நொடி. வெட்டு பாதியாகக் குறைந்தும் வேகமாகத் தெரிகிறது. அப்பா “நல்லா பாத்தியா?” என்று கேட்கும் இடம் முழுக்க மகளின் சஜஷனில் அவர் முதுகோடு ஓடுகிறது. அவர் பொய் சொல்கிறார் என்பது முதுகிலேயே தெரிகிறது.

இரண்டு இடம் பாக்கி. அடகு என்று கேட்ட பிறகு மகள் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? அவள் கண் பீரோ சாவிக்குப் போகிறது, சாவி இன்சர்ட்டை எங்கே வைப்பது? இப்போது 9 நொடி நின்று, சாவி, பிறகு அப்பா க்ளோசப் என்று வைத்திருக்கிறேன்.

24ஃபிரேம்:
நொடி எண்ணாதீர்கள், அவள் எத்தனை முறை மாறுகிறாள் என்று எண்ணுங்கள். 9 நொடியில் இரண்டு மாற்றம் இருந்தால் 9 சரி. ஒரே நிலையில் உறைந்திருந்தால் 4-க்கு மேல் தாங்காது.

சாவிக்கு: கண் நகரும்போது வெட்டாதீர்கள். கண் போய் நின்ற பிறகு 3 முதல் 5 ஃபிரேம் விட்டு வெட்டுங்கள். அவள் பார்த்துவிட்டாள் என்பது பதிந்த பிறகு சாவி வர வேண்டும். சாவியை அடையாளம் காண ஒரு நொடி, அதற்கு அர்த்தம் கொடுக்க அரை நொடி, மொத்தம் 36 ஃபிரேம் வைத்துப் பாருங்கள்.

புதியவர்கள் ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். உடம்பை அசைக்கும் இடங்களின் டைம்கோடைக் குறியுங்கள். “நன்றாக இருந்ததா?” என்று கேட்காமல் “நகை என்ன ஆயிற்று என்று எப்போது தெரிந்தது?” என்று கேளுங்கள். பாதிப் பேர் அப்பா சொல்வதற்கு முன்பே ஊகித்திருந்தால் அவர் முன்பாதியில் தரும் சமாளிப்பு வசனங்களில் இன்னும் ஒன்றிரண்டு போகலாம்.

டம்ளர்:
சாவிக்குப் பிறகு அப்பா க்ளோசப் வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் முகத்தைக் காட்டினால் அவர் வருந்துகிறாரா என்று நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். மாஸ்டருக்குப் போங்கள், இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியட்டும்.

போகும் முன் டம்ளரைப் பார்த்துக்கொள்ளுங்கள். க்ளோசப் எடுத்து அரை மணி கழித்து மாஸ்டரின் கடைசி டேக் எடுத்திருந்தால் ஆவி நின்றுபோய், காபி மேல் ஆடை படிந்திருக்கும். மாஸ்டரில் அவ்வளவு தெரியாது. ஆனால் டம்ளர் இன்சர்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கட்டாயம் தெரியும். இந்த முடிவுக்கு அந்த இன்சர்ட்டை எடுத்துவிடுங்கள்.